ஆறாவது இலக்கம்

அந்த ஒரு லட்சம் பொய். நான் அதை விளையாடி எடுக்கவில்லை... வரைந்தேன்!

நீங்கள் சிரிக்கலாம். வீடியோ கேமில் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்கலாம். நானும் பல வருடங்கள் அப்படித்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியில் என் அறைத் தோழன் கதிர்வேல். சென்னிமலைக்காரன். தறி நெய்யும் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். வகுப்பில் வாயே திறக்கமாட்டான். ஆனால் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டால் அவன் வேறு மனிதன்!

கல்லூரிக்கு எதிர்ச் சந்தில் பழனிச்சாமி அண்ணன் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். விமானத்தில் பறந்து சுடுகிற ஒரு விளையாட்டில் கதிரை மிஞ்ச அங்கே ஆளில்லை. விளையாட்டுப் பெட்டியை அணைத்தால் மதிப்பெண் அழிந்துவிடும். ஆகவே பெரிய எண் எடுத்தவர்கள் திரையைப் படமெடுத்துக் கொண்டுவந்தால், அண்ணன் அதைச் சுவரில் ஒட்டுவார். எல்லாவற்றுக்கும் மேலே கதிரின் படம்.

எனக்கு ஆட வராது. விரல் தடுமாறும். எனக்குப் பிடித்தவை அந்தத் திரையின் எழுத்துகள்! எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் அடங்கிய முரட்டு எழுத்துகள். ஒரு வளைவுகூட இல்லாமல் வளைவைக் காட்டிவிடும். எட்டின் இடுப்பில் ஒரு புள்ளி உள்ளே தள்ளியிருக்கும். பூஜ்யத்தின் ஒரு பக்கம் தடித்திருக்கும். யார் இப்படி யோசித்தார்கள் என்று வியந்துகொண்டே இருப்பேன்.

அவற்றை அப்படியே கணினியில் உருவாக்க ஆசைப்பட்டேன். கதிர் எனக்காக ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவைப்பான். நான் டிவி கண்ணாடிமீது டிரேசிங் தாளை வைத்துப் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்வேன். "டேய், ஒம்பதோட வால்ல ஒரு புள்ளிய உட்டுட்ட பாரு" என்று அவனே திருத்துவான்.

ஆம்... அவன் கண்ணைக் கொண்டுதான் அந்த எழுத்துகளைச் செய்தேன்.

மாமாவின் பம்ப் கம்பெனி அலுவலகத்தில் ஒரு கலர் கணினி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும். அங்கே உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகக் கட்டங்களை நிரப்பினேன். எல்லாம் முடிந்த ஞாயிறன்று, சோதித்துப் பார்க்க விளையாட்டின் கடைசித் திரையை எழுதினேன். வென்றவர் பெயர் வரும் இடத்தில் என் பெயர். மதிப்பெண்ணில் ஐந்து இலக்கங்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். நான் முன்னால் ஓர் ஒன்றைச் சேர்த்தேன். ஒரு லட்சத்துச் சொச்சம்! ஜன்னலைச் சாத்திவிட்டுப் படமெடுத்தேன்.

வேடிக்கைக்குத்தான். கதிர் வாயைப் பிளந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்தேனா? அப்படியென்றால், கேட்கும் முன்பே "ஆனைமலையில எங்க அத்தை ஊட்டுல ஆடுனேன்" என்று ஏன் சொன்னேன்?

கதிர் படத்தை வாங்கிப் பார்த்தான். அவன் முகத்தில் துளிப் பொறாமை இல்லை. "எப்பிடிடா...!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். எழுத்தை நான் வரைகிறேன் என்று அவனுக்குத் தெரியுமே, சந்தேகம் வரவேண்டாமா? வரவில்லை. நான் ஏமாற்றுவேன் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். "அட தம்பி! சத்தமில்லாம இருந்துபோட்டு இப்பிடிப் பண்ணிப்போட்டீங்களே!" என்றார் அண்ணன். என் படம் கதிரின் படத்துக்கு மேலே ஏறியது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக!

அந்தப் பார்வையை இழக்க எனக்கு மனம் வரவில்லை. என் முழுக் கதையும் இதுதான்.

அன்றிலிருந்து கதிர் அந்த எண்ணைத் துரத்தத் தொடங்கினான். முதலில் மாலை வேளைகள். பிறகு மதிய வகுப்புகள். பிறகு நாள் முழுவதும். ஒரு மதியம் மூச்சிரைக்க அறைக்கு ஓடிவந்தான்.

"டேய், தொண்ணூத்தொம்பதாயிரத்தையும் தாண்டிட்டேன்டா! ஆனா ஆறாவது நம்பர் வரலை. எல்லாம் பூஜ்யம் ஆயிப்போச்சு. உனக்கு மட்டும் எப்பிடி வந்துது?"

அந்தப் பெட்டிக்கு ஒரு லட்சம் என்பதே கிடையாது! அவன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. உலகத்தில் எவரும் எடுக்க முடியாத எண்ணை நான் எடுத்திருந்தேன்... அவனோ எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு என் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்!

"ஒரு உயிர்கூடப் போகாம ஆடோணும்டா. அப்பத்தான் ஆறாவது வரும்" என்றேன்.

முதல் பொய்யை நீங்கள் மன்னித்தாலும் மன்னிப்பீர்கள். இதை?

அவன் நம்பினான். மறுபடியும் போனான். வருகைப் பதிவு குறைந்தது. பேராசிரியர் எச்சரித்தார், நானும்கூட "வகுப்புக்கு வாடா" என்று அழைத்தேன், மிக நல்லவன்போல. பருவத் தேர்வு எழுத அவனை விடவில்லை. அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும் என்றார்கள்.

அவன் அப்பா வந்தார். கதிர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்க, அவர் என்னை வராந்தாவுக்குத் தனியே அழைத்தார்.

"ஏனுங்க கண்ணு, ஒரே ரூம்புல இருந்தவருங்க நீங்க. பையனுக்கு என்னதானுங்க ஆச்சு? ஏதாச்சும் பொண்ணு விவகாரமுங்களா?"

"தெரியலீங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு வேலை கிடைத்ததும் ஊருக்கு வந்துபோகச் சொன்னார். கதிர் திரும்பி வரவே இல்லை. ஜூனியர்களோடு உட்கார அவனுக்குக் கூச்சம்.

எனக்கு வேலை கிடைத்தது. என்ன வேலை தெரியுமா? கணினித் திரைக்குத் தமிழ் எழுத்து வரையும் வேலை! நேர்முகத் தேர்வில் அந்த விளையாட்டு எழுத்துகளைத்தான் காட்டினேன்.

சில வருடங்கள் கழித்துச் சென்னிமலைக் கோயிலுக்குப் போனபோது, அடிவாரத்தில் கதிர் என்னைப் பார்த்துவிட்டான். டிவி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் வீட்டுக்கு அழைத்துப் போனான்.

"ஒரு லட்சம் எடுத்தவருன்னு சொல்வீங்களே, அவருங்களா?" என்று அவன் மனைவி கண்களை விரித்துக் கேட்டார். "உங்களைப் பத்திப் பேசாத நாளில்லீங்க."

"அதுக்கப்பறம் யோசிச்சுப் பாத்தேன்டா" என்று கதிர் சிரித்தான். "ஒரு உயிர்கூடப் போகாம ஆடறதெல்லாம் பொறவியிலயே வரோணும். நமக்கு அந்தக் கை இல்லை. படிப்பும் அப்பிடித்தான்னு உட்டுட்டேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்! தன் அளவு இவ்வளவுதான் என்று தீர்மானித்து, அதற்குள் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தான். அந்த அளவை வரைந்தவன் நான்...

வாயைத் திறந்தேன். அதற்குள் சமையலறையிலிருந்து காபி வந்துவிட்டது.

"சக்கரை போதுமுங்களா?" என்றார் அவன் மனைவி.

"போதுமுங்க" என்றேன்.

பேருந்து நிலையம்வரை வந்து, ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, வண்டி கிளம்பும்வரை நின்றுவிட்டுத்தான் அவன் போனான்.