குத்ரத் பாயின் காந்தம்

சீலம்பூரில் எங்கள் சந்தில் பழைய கம்ப்யூட்டர் உடைக்கிறவர்கள் எல்லாரும் சுத்தியலை நம்புகிறவர்கள். குத்ரத் பாய் மட்டும் காந்தத்தை நம்பினார். கல்யாண ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய, தட்டு அகலக் காந்தம். ஹார்டு டிஸ்க், செல்போன், பென் டிரைவ் என்று பேதமில்லை; எது வந்தாலும் திருஷ்டி கழிப்பதுபோல் ஏழு சுற்று சுற்றுவார். உள்ளே இருந்ததை இனி வானத்திலிருந்து மலக்கு இறங்கி வந்தாலும் படிக்க முடியாது என்பார். ஒருநாள் என் காலி டிபன் பாக்ஸை நீட்டினேன். அதற்கும் சுற்றினார்.

சுற்றிய சாமான் சுத்தமாகிவிட்டதா என்று யாரும் திறந்து பார்த்ததில்லை. ஆபீஸ்காரர்கள் வந்து, காந்தமும் கையுமாக அவரைப் படம் பிடித்து, எல்லாம் அழிந்தது என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. போன குளிர்காலத்தில் அவர் மனைவி ஜைபுன் பாபி கோபித்துக்கொண்டு குர்ஜாவிலுள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு திரும்பி வந்தார். தான் ஒரு வார்த்தைகூடக் கூப்பிடவில்லை, அவளாக அழுதுகொண்டு வந்தாள் என்று பாய் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பாபி மறுக்கவில்லை. நாங்களும் நம்பினோம், மீசை அப்படி.

அந்தப் பெருமையும் காந்தமும்தான் அவர் பேரைத் தாங்கி நின்றன. இரண்டும் ஒரே நாளில் சரிந்தன.

புதுப் போன் வாங்கியதும் பழையதை, ஒரு பொத்தானையும் அமுக்காமல், ஏழு சுற்று சுற்றி டீக்கடை பப்பனுக்கு விற்றார். மறுநாள் ஒரு வங்கி அதிகாரி ஒரு மூட்டை ஹார்டு டிஸ்கோடு வந்து நின்றார். எதிரே பப்பன் கவ்வாலி பாட்டுப் போடலாமென்று அந்தப் போனை ஸ்பீக்கரில் மாட்டினார். வந்தது பாயின் குரல்.

"ஜைபு, வந்துடு. பாத்திரம் நானே கழுவறேன். காந்தத்து மேல சத்தியம்."

கடையே உருண்டு சிரித்தது. அடுத்த பதிவு தானாக ஓடியது.

"ரஜாய் ரெண்டு போர்த்தியும் குளிருது ஜைபு. உன் பக்கம் காலியா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நான் டீயில் விழாத ஈயை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனுக்கும் காந்தம் காட்டினீர்களா என்று அதிகாரி கேட்டார். ஏழு சுற்று என்றார் பாய். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை. தொழில் போயிற்று என்றுதான் நினைத்தோம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, வெயில் போறதுக்குள்ள போட்டோ எடுத்துடலாம். காந்தத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

பாய் தூக்கவில்லை. மூட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் எத்தனை பேருடைய அழுகையோ. பக்கத்துக் கடைச் சுத்தியலை வாங்கி, ஒவ்வொரு டிஸ்காகத் திறந்து, உள்ளிருந்த தகடுகளைத் தூளாக்கினார். நேரமாகிறது என்று அதிகாரி கடுகடுத்தார்.

கடைசியில் பாய் சுத்தியலோடு டீக்கடைக்கு வந்தார். அதற்குள், சந்தெல்லாம் கேட்ட அந்தக் குரலுக்கு இறங்கி வந்திருந்த பாபியின் கையில் போன் இருந்தது.

"கொடு ஜைபு. எல்லாம் அப்படியே இருக்கு அதுல."

"இருக்கட்டும்ங்க. அடுத்த தடவை 'அவளா வந்தா'ன்னு சொல்லுவீங்கல்ல, அப்ப வேணும்."

இப்போது பாய் சுத்தியல்காரர். காந்தம் பாபியின் சமையற்கட்டுச் சுவரில் கத்தியையும் இடுக்கியையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அங்கே பாத்திரம் கழுவுவது யார் என்று நான் கேட்பதில்லை. ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.