நீல நூல்

சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கோழி ஒன்றை நொண்டியாக்கியது நான்தான். நேற்று ஊரப்பாக்கம் கறிக்கடையில் ஒரு கோழியின் காலில் நீல நூலைக் கண்டதும் கறி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

கடப்பாக்கத்தில் எங்கள் தெருக் கோழிகள் எல்லாம் ஒன்றாகவே மேயும் என்பதால், எந்த வீட்டுக் கோழி என்று தெரியக் குஞ்சிலேயே காலில் நூல் கட்டுவார்கள். கால் பருக்கப் பருக்க அதை அவிழ்த்துத் தளர்வாகக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. ஒரு குஞ்சுக்கு வலை பின்னும் நீல நைலான் நூலைக் கட்டியதோடு மறந்துபோனேன். நூல் சதைக்குள் புதைந்து அது நொண்டியபோது, நாய் கடித்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

முட்டை நின்று கிழடான பிறகும் அம்மா அதைக் கூடையில் வைத்து வெயிலுக்குத் தூக்கிப்போவாள், "இன்னாடி ராணி, நாஸ்தா துன்னியா?" என்று கொஞ்சியபடி, ஊறிய நொய்யை உள்ளங்கையில் வைத்து ஊட்டுவாள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் பிளேடால் நூலை அறுத்து இழுத்தேன். காய்ந்து கருத்திருந்த பாதமும் சேர்ந்து கையில் வந்துவிட்டது. கோழி கத்தவில்லை, நான்தான் கத்தினேன்.

ஓடிவந்த அம்மா நூலைப் பார்த்தாள். "ஏன்டா, நாயி நூலு கூட கட்டுமா?" என்றாள்.

மறுநாளிலிருந்து கூடையை நான் தூக்கினேன். அம்மா கையில் தின்றதுபோலவே, எந்தத் தயக்கமும் இல்லாமல், ராணி என் கையிலும் தின்றது.