மலைக்கு முதுகு காட்டிய பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவன் கிடையாது. நான் அதில் படித்தது இரண்டாம் வகுப்பு வரைதான். ஆனால் அது நிற்கிற இடம் நான் கொடுத்தது. இந்த ஊரில் பிறந்து பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அதற்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை.

திருவண்ணாமலைக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஏறி வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர் எங்களுடையது. எங்கே நின்று மேற்கே திரும்பினாலும் மலை தெரியும். எழுபதுகளில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை, ஐந்தாம் வகுப்பு வரை, டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் ஒரே வாத்தியார். ஐப்பசி மழையில் கூரை ஒழுகினால் பிள்ளைகளை மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓட்டிப் போவார். அங்கே யாராவது ஆடு கட்டியிருந்தால் அன்றைக்கு லீவு.

நான் அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் வைத்துவிட்டேன். கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கப் போனவன், பட்டணத்துக்காரன் மாதிரி மோட்டார் வாங்கி ஓட்டினேன். மில் ரோட்டுக்குக் கிழக்கே இருந்தது. அதன் சுவரில் ஆள் உயர எழுத்தில், சிவப்புப் பெயிண்ட்டில், என் பெயர். பஸ்ஸில் போகிறவர்கள் அதைப் படித்துக்கொண்டு போவதில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

என் பெரிய பெண் நான்காம் வகுப்பில் இருந்தாள். மில்லில் பருப்புப் பொறுக்கும் பெண்களுக்கு நடுவே மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, வாரப் பத்திரிகைத் தொடர்கதையை உரக்கப் படிப்பாள். கதை சூடு பிடிக்கிற இடமாகப் பார்த்து நிறுத்தி, "மோர் குடுத்தாத்தான் மீதி" என்பாள்.

"உன் பொண்ணு டீச்சராவாளா, வக்கீலாவாளா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"ரெண்டும் ஆவா" என்றேன்.

ஆனால் ஐந்துக்கு மேல் படிக்க டவுனுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். என் மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "ஊர்லயே எட்டாவது வரைக்கும் வரட்டும், அனுப்புறேன். வயசுக்கு வர்ற பொண்ணு பஸ்ஸுல நசுங்கிக்கினு போய்ப் படிக்க வேணாம்." மண்டியில் எந்த வியாபாரியையும் பேசி வழிக்குக் கொண்டுவருகிற எனக்கு என் வீட்டு அடுப்படியில் பேச்சு எடுபடவில்லை.

அதற்காகத்தான் அலைந்தேன். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கிளார்க் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். கடைசியில் அவர்களே அலுத்துப்போய், எட்டு வரை உயர்த்துகிறோம், கட்டடத்துக்குப் பணமும் தருகிறோம், இடம் மட்டும் ஊர் தரட்டும் என்றார்கள். மில்லுக்கு எதிரே, ரோட்டுக்கு மேற்கே இருந்த என் நிலத்தைக் கொடுத்தேன். என் மகள் ஐந்தை முடிப்பதற்குள் சுவர் எழும்பிவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

ஓவர்சியர் வந்து கோயில் மண்டபத்தில் கட்டடப் படத்தை விரித்தார். ஊர்ப் பெரியவர், எனக்கு மாமா முறை, குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், கதவு இந்தப் பக்கம் போட்டுக்கிது? மலை அந்தப் பக்கமில்ல?"

"கிழக்குப் பார்த்த கட்டடங்க. மேற்கால வராண்டா வெச்சா மத்தியானத்துக்கு மேல வெயில் உள்ள அடிக்கும். போர்டு தெரியாது."

"அதுக்குன்னு மலைக்கு முதுகைக் காட்டிக்கினு ஒரு பள்ளிக்கூடமா? கார்த்திகையில மலைத் தீபம் தெரிஞ்சப்புறம்தானே நம்ம வீட்ல அகலே ஏத்துறோம்?"

"பின்னாடி ஜன்னல் இருக்குதுங்க" என்றார் ஓவர்சியர். அது யார் காதிலும் விழவில்லை.

நான் எழுந்தேன். "எந்தப் பக்கம் பார்த்தா இன்னா மாமா? மொதல்ல எழும்பட்டும்."

மாமா படத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டுப் பக்கம் பார்த்தார். "கிழக்கால இன்னா இருக்குது? மருமவனோட மில்லு. பசங்க காலைல பிரேயருக்கு நின்னா எதிர்ல இவரு பேருதான் தெரியும். சாமிக்கு முதுகு, மருமவனுக்குக் கும்பிடு."

மண்டபமே சிரித்தது. "நெலம் குடுத்தவரு மலைக்கும் பட்டா கேக்குறாரு" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"பேரை வேணும்னா அழிச்சிடறேன்" என்றேன்.

"பேரை அழிச்சா மில்லு நகர்ந்துடுமா?"

அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அது மில் பேசுவதாகவே அவர்களுக்குக் கேட்டது. அதே வார்த்தையை வேறு எவன் சொல்லியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான்.

"படத்தைத் திருப்பினா மறுபடி வேலூர் ஜில்லா ஆபீசு போய்க் கையெழுத்தாவணும். மார்ச்சு தாண்டிட்டா பணம் திரும்பிப் போயிடும்" என்றார் ஓவர்சியர்.

"போய்ட்டு வரட்டும். மலை எங்க ஓடிடப் போவுது" என்றார் மாமா.

படம் வேலூருக்குப் போனது. மார்ச் முடிந்தது. பணமும் எட்டாம் வகுப்பும் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. ஏரி நிரம்பினால் அங்கே போக வழி கிடையாது, வற்றினால் வேலிக்காத்தான் புதரைத் தாண்ட வேண்டும். மனைவி அதற்கும் தலையாட்டவில்லை. ஐந்தை முடித்த வருடம், கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று என் மகள் மில்லுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்தாள். பாதியில் இருந்த தொடர்கதையை முடித்தாள். அடுத்த கதையை அவள் தொடங்கவில்லை, அந்தப் பெண்களும் கேட்கவில்லை.

எண்பதுகளில் மறுபடி அலைந்து எட்டாம் வகுப்பையும் கட்டடத்தையும் கொண்டுவந்தேன். அதற்குள் அவளைப் போளூர் பக்கம் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கட்டடம் கிழக்கே பார்த்துத்தான் எழும்பியது. ஒருவரும் எதிர்க்கவில்லை. மாமா திறப்பு விழாவில் இரண்டு தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "காத்தோட்டமா இருக்குது" என்றார்.

அந்த வருடக் கார்த்திகைக்கு மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பள்ளிக்கூடச் சாவி என்னிடம்தான் இருக்கும். சாயங்காலம் அவளை அழைத்துப் போய் எட்டாம் வகுப்பைத் திறந்து காட்டினேன். அவள் நேராகப் போய்ப் பின் ஜன்னலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் மலை உச்சியில் தீபம் தெரிந்தது. ஊருக்குள்ளிருந்து அரோகரா கேட்டது.

"நல்லாத்தானே தெரியுது நைனா" என்றாள்.

பிறகு போர்டுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள். மூட்டை மேல் உட்கார்ந்து கதை படித்த பழைய குரல் அப்படியே இருந்தது. கடைசி வரியில் நின்றுவிட்டாள். நான் படித்த இரண்டாம் வகுப்பில் இல்லாத, எண்ணும் இங்கிலீஷ் எழுத்தும் கலந்த ஏதோ கணக்கு.

"இது இன்னா நைனா?"

வீட்டில் அகல் ஏற்றக் காத்திருப்பார்கள் என்று சொல்லி, ஜன்னலைச் சாத்தினேன்.