காட்டுவதற்கென்று வைத்த சிரிஞ்சு

நாசரேத்தில் ஜீவமணியின் பிறந்த வீட்டில், ரோஜாப்பூப் போட்ட கோப்பைகள் ஆறு கண்ணாடி அலமாரியில் இருந்தன. பேராயர் வந்தால் எடுப்பதற்கு. பேராயர் ஒரே ஒரு முறை வந்தார், அன்றைக்கு அவர் இளநீரே போதும் என்றுவிட்டார். நல்ல சாமான் என்றால் புழங்காத சாமான் என்று அந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லாமலே பிள்ளைகளுக்கு ஏறிவிட்டது.

ஜீவமணி இப்போது அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ், இரண்டு முழங்காலிலும் வலி. ஒரு தடவை மதுரையில் மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கரு கலைந்து பாதி உள்ளே தங்கிவிட்டால் அதை உறிஞ்சி எடுக்கும் கைச்சிரிஞ்சுப் பயிற்சி. முழு மயக்கம் வேண்டாம், இரும்புக் கரண்டியால் சுரண்ட வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். கூட வந்த டாக்டருக்கும் நன்றாகக் கைவந்தது. ஆகவே, பிரசவமே பார்க்காத ஓர் ஊருக்கு அவரை மாற்றினார்கள்.

சிரிஞ்சு மட்டும் வந்து சேர்ந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்து, "பரவாயில்லையே!" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் வேறு எதையும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜீவமணி அதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. பெரிய டாக்டரின் கைக்குக் கரண்டிதான் பழக்கம், அவர் கேட்கவும் இல்லை. மாதம் ஒரு நாள் வெளியே எடுத்து, அதன் வாயை அடைக்கும் இரண்டு பொத்தானையும் அழுத்திவிட்டுத் தண்டை இழுத்துவைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை விடுவித்தால் 'புஸ்' என்று சத்தம் வரும். இழுவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு மாதமாக அது உறிஞ்சியதெல்லாம் வார்டுக் காற்றைத்தான்.

அன்று மூன்றாம் கட்டிலில் சுடலைச்செல்வி கிடந்தாள். வேம்பார் உப்பளத்தில் வேலை. மூன்றாம் மாதம் கலைந்து, மிச்சம் உள்ளே நின்றுவிட்டது. முந்தின நாள் மத்தியானம் வந்தவள். மயக்க மருந்து டாக்டர் வருவார் என்று பட்டினி போட்டார்கள். வரவில்லை. ராத்திரி இட்லி கொடுத்துவிட்டு, விடிந்ததிலிருந்து மறுபடியும் பட்டினி. இப்போது மணி இரண்டு. ரத்தம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

"சிஸ்டர், ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிடவா?"

"குடிச்சா மயக்கம் குடுக்க மாட்டாவ. கொஞ்சம் பொறுளா."

"நேத்தும் இதத்தான சொன்னிய. அவிய என்னத்துக்குக் குடுக்கணும்? எனக்குத்தான் தானாவே வருதே."

வார்டு உதவியாளர் பாஸ்கல் போனை வைத்துவிட்டு வந்தார். "மயக்க டாக்டர் பெரியாஸ்பத்திரியில ஒரு சிசேரியனுக்குள்ள நிக்காராம். அடுத்து இன்னொண்ணு இருக்காம். நாளைக்குப் பாப்போம்ங்காரு."

டூட்டி டாக்டர் ஈவாஞ்சலின் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஜீவமணியின் மகள் வயது. சுடலைச்செல்வியின் பிரஷரைப் பார்த்து, நாடியையும் பிடித்துப் பார்த்தவள், கையை விடாமலே திரும்பினாள்.

"நாளைக்கு வரைக்கும் இவங்க தாங்க மாட்டாங்க சிஸ்டர். பிரஷர் எறங்குது. ஒரு கைச்சிரிஞ்சு மட்டும் இருந்தா, மரத்துப்போற ஊசி போட்டு இப்பவே நானே எடுத்துருவேன். காலேஜ்ல எத்தனையோ பண்ணிருக்கேன். இங்க எங்க இருக்கப்போகுது!"

ஜீவமணி தண்ணீர்க் குழாயைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள்.

"இருக்கு மேடம்."

"எங்க?"

"அலமாரியில."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் ஆகப்போகுது. அடுத்த வாரம் ஆய்வு வருதுன்னு..." அதற்கு மேல் அவளுக்கே கேட்கப் பிடிக்கவில்லை. சாவியை எடுக்கப் போனாள்.

"அது காட்டுததுக்கு உள்ளதுல்லா சிஸ்டர்?" என்றார் பாஸ்கல், உண்மையான கவலையோடு.

"வாரவியளுக்கு இவளக் காட்டுவோம், அண்ணாச்சி. இவ எந்திச்சு நடந்தான்னா."

ஈவாஞ்சலின் விவரத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டாள். "எதையாவது செய்யுங்கம்மா" என்றாள் சுடலைச்செல்வி. ட்ரிப் ஏறியது. ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்தார்கள். ஜீவமணி தண்டை இழுத்துக் கொடுத்தாள். இந்த முறை காற்று இல்லை. சுடலைச்செல்வி பல்லைக் கடித்தாள், ஒரு தடவை அம்மாவைக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு எண்களைத் தாண்டியிருந்தது.

"இனி எப்பத் தொடங்குவிய, சிஸ்டர்?"

"முடிஞ்சிட்டுளா."

சுடலைச்செல்வி தலையைத் தூக்கிச் சிரிஞ்சைப் பார்த்தாள். "இவ்வளவுதானா? அப்ப நேத்துலேர்ந்து எதுக்காவக் கெடந்தேன்?"

அதற்கு ஆஸ்பத்திரியில் தயாரான பதில்கள் நிறைய உண்டு. ஆள் இல்லை, டாக்டர் வரவில்லை, உத்தரவு இல்லை. ஜீவமணியே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள், எல்லாம் உண்மையும்கூட. இன்றைக்கு அவற்றை எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

"சாமான் இங்கனதான் இருந்துச்சு. நான்தான் பூட்டி வச்சிருந்தேன்."

சுடலைச்செல்வி திட்டுவாள் என்று ஜீவமணி எதிர்பார்த்து நின்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ கண்ணை மூடிக்கொண்டு, மெல்லக் காலை ஒதுக்கிக் கட்டிலில் இடம் விட்டாள்.

"காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கிய. உக்காருங்க."

நோயாளியின் கட்டிலில் நர்ஸ் உட்காரக் கூடாது. ஜீவமணி உட்கார்ந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். ரத்தம் கசிவாகக் குறைந்திருந்தது. கால் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். எழுந்து போய் மறுபடி வருவதற்குப் பதில், இங்கேயே இருந்துவிடலாம்.