மதில்மேல் ஒரு செல்போன்

பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது நானும் என் ப்ராஜெக்ட் பார்ட்னரும் ஒரு ஆப் செய்தோம். செய்தோம் என்பது பெரிய வார்த்தை. இணையத்தில் நாலு இடத்தில் துணி எடுத்து, ஒன்றாகத் தைத்து, பட்டன் மட்டும் நாங்கள் வைத்தோம். ஐயாயிரம் ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு போன் கிடைக்க ஆரம்பித்திருந்த 2013 அது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் ஒரு பக்கம் எங்கள் கல்லூரி, எதிர்ப்பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி.

ஆப்பின் வேலை எளிமையானது. வளாகத்துக்குள் இருப்பவர்கள் மேப்பில் புள்ளியாகத் தெரிவார்கள். கூடவே ஒரு போர்டு. அதில் யாரும் எழுதலாம், யாரும் பதில் போடலாம். வளாகத்தைத் தாண்டினால் போர்டு மூடிக்கொள்ளும். அறிக்கையில் நீளமான இங்கிலீஷ் தலைப்பு இருந்தது. போனில் அதன் பெயர் ‘எங்க கீற’. அது பார்ட்னர் வைத்த பெயர். மண்ணூரில் தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம் அவனுடையது. அவன் வாயில் ‘எங்கே இருக்கிறாய்’ வராது.

வளாகம் எது என்று ஆப்புக்குச் சொல்லவேண்டியது என் பொறுப்பு. நான் லைப்ரரியை மையமாக வைத்து அரை கிலோமீட்டரில் ஒரு வட்டம் போட்டேன். மறுநாளே புகார் வந்தது. ஹாஸ்டல் கான்கிரீட்டுக்குள் சாட்டிலைட் எட்டாமல், போன் பக்கத்து டவரை நம்பி, கட்டிலில் படுத்திருந்தவனை நெடுஞ்சாலையில் நிற்கிறான் என்று வெளியே தள்ளியது. நான் வட்டத்தை ஒரு கிலோமீட்டர் ஆக்கினேன். மறுபடி புகார். இரண்டாக்கினேன். புகார் நின்றது. பொறியியல் என்றால் இதுதான் என்று அப்போது நம்பினேன்.

இன்னொரு சோம்பேறித்தனமும் செய்திருந்தேன். உள்ளே வர ரெஜிஸ்டர் நம்பர் கேட்கவில்லை. ஒரு பட்டப்பெயர் போதும்.

போர்டில் ‘அரியர் அரசன்’ என்று ஒருவர் கணக்கு கேட்க ஆரம்பித்தார். எங்கள் கல்லூரியில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டம் பொருந்தும் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. கேட்டதெல்லாம் இன்டகிரேஷன். பதில் போட்டதெல்லாம் நான். முதல் செமஸ்டர் மேத்ஸை மூன்று முறை எழுதியவன் நான்; ஒரே தடவையில் பாஸானவர்களுக்கு அந்த அளவு பாடம் நினைவில் இருக்காது. நோட்டில் போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவேன். அவர் ‘தெய்வமே’ என்று எழுதுவார். என்னை அப்படி அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டில் கூப்பிட்டது வேறு மாதிரி.

ப்ராஜெக்டின் இரண்டாவது ரிவ்யூ மத்தியானம் இரண்டரைக்கு நடந்தது. ப்ரொஜெக்டரில் மேப் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரிக்குள் நாற்பது புள்ளிகள். நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி முளைத்தது. பிறகு ஐந்து. பிறகு ஒரு கொத்து.

“அது என்ன இடம்?” என்றார் கைடு மேடம்.

“கம்பெனி கேட், மேடம்.”

“நம்ம ஸ்டூடன்ட்ஸ் அங்க என்ன பண்றாங்க?”

எனக்கு உறைத்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் விடுகிற நேரம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் செக்யூரிட்டியிடம் கொடுத்துவைத்து, வெளியே வந்ததும் வாங்கி ஆன் செய்வார்கள். கல்லூரி வாசலுக்கு எதிரே உள்ள பேக்கரியில்தான் எங்கள் பையன்களும் அவர்களும் டீ குடிப்பார்கள். ப்ளூடூத்தில் பாட்டு கைமாறும். ஆப்பும் கைமாறியிருந்தது.

“கேம்பஸ் கம்யூனிட்டின்னு டைட்டில் போட்டுட்டு கம்பெனி கம்யூனிட்டியக் காட்டறீங்க” என்றார் மேடம். “காம்பவுண்டுதான் பவுண்டரி. வைவாவுக்குள்ள சரி பண்ணலைன்னா நான் சைன் போட மாட்டேன்.”

எனவே நானும் பார்ட்னரும் மதிலை ஒட்டி நடந்து, மூலைக்கு மூலை நின்று போனில் இடத்தைக் குறித்தோம். முள்செடி, சாக்கடை, எங்களைக் கணக்கெடுத்த ஒரு நாய். வாட்ச்மேன் என்ன சர்வே என்று இரண்டு முறை கேட்டார்.

“எங்க நெலத்தயும் இப்டித்தாண்டா அளந்தாங்க” என்றான் பார்ட்னர். “இதோ, இந்த மூலைல எங்க பெரியப்பா வேர்க்கடல போட்டுக்கினு இருந்தாரு.”

“அப்ப என்ன பண்ணீங்க?”

“இன்னா பண்றது? அளக்க வந்தவருக்கு மோர் குடுத்தோம். நீ போனைப் பாரு, நாய் உன்னப் பாக்குது.”

வட்டத்தை எடுத்துவிட்டு, குறித்த மூலைகளை இணைத்து ஆப்பில் மதில்கோடு போட்டோம். டவரை நம்பாதே, சாட்டிலைட்டை மட்டும் நம்பு என்றும் மாற்றினோம். ஹாஸ்டல்காரர்கள் போர்டு பார்க்க மொட்டைமாடி ஏறவேண்டியதாயிற்று. என்னைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மூன்று மணிக்கு, போர்டில் அரியர் அரசனிடமிருந்து அரைகுறைக் கேள்வி ஒன்று வந்தது. ‘எக்ஸ் ஸ்கொயர் இன்ட்டு’ என்பதோடு நின்றது. மேப்பைப் பார்த்தேன். மெக்கானிக்கல் ஷெட்டுக்குப் பின்னால், மதில்மேல் ஒரு புள்ளி. உள்ளே வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

போய்ப் பார்த்தேன். அங்கே மதிலின் மேலே ஒரு கை மட்டும் எங்கள் பக்கம் நீண்டிருந்தது. பதித்திருந்த கண்ணாடிச் சில்லின்மேல் கம்பெனித் தொப்பியை மடித்துப் போட்டு, அதன்மேல் முழங்கையை ஊன்றி, போனைப் பிடித்திருந்தது. ஜிபிஎஸ்ஸுக்கு அரையடி வித்தியாசமெல்லாம் தெரியாது. அது அந்தக் கைக்குத் தெரியாது.

அடுக்கியிருந்த செங்கல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். மறுபக்கம் சைக்கிள் கேரியர்மேல் நின்றுகொண்டிருந்தார். நீல யூனிஃபார்ம். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம்.

“தம்பி இந்தக் காலேஜா?” என்றார். தெற்கத்திப் பேச்சு. “இந்த ஆப்பைச் செஞ்சவன் யாருன்னு தெரியுமா?”

“ஏண்ணா?”

“நல்லாத்தான் ஓடிச்சு. முந்தாநாளுலேர்ந்து ‘கட் அடிச்சது போதும், கிளாஸுக்கு வாங்க’ங்குது. நான் வரமாட்டேன்னா சொன்னேன்?”

அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். வட்டத்துக்கு வெளியே போகிறவர்கள் சிரிக்கட்டும் என்று எழுதியது.

டிப்ளமோ முடித்துவிட்டதாகச் சொன்னார். முடித்ததில் ஒரு மேத்ஸ் பேப்பர் மட்டும் முடியவில்லை. அது இல்லாமல் சர்ட்டிபிகேட் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாமல் கான்ட்ராக்ட்தான். அந்த வருடம் கம்பெனியில் நிரந்தரத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள். பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. “உள்ள ஒரு மகராசன் கணக்குப் போட்டுத் தருதான். அவன் யாருன்னும் தெரியல” என்றார்.

“நான்தாண்ணா அது” என்றேன். மகராசனை மட்டும் ஒத்துக்கொண்டேன். ஆப் செய்தவனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் மூன்று மணிக்குச் செங்கல்மேல் நான், கேரியர்மேல் அவர், நடுவில் மதில்மேல் நோட்டு. பார்ட்னர் ஒருநாள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

“டேய், ஒரு லைன் மாத்துனா அவுரு ரூம்லயே உக்காந்துகினு கேப்பாரு. நீ இன்னாடான்னா கொரங்கு மாறி செவுத்துல தொங்கினு கீற.”

“மேடம் சைன் போடமாட்டாங்கடா.”

அது உண்மை. முழு உண்மை அல்ல. ஒருவர் நமக்காகச் சைக்கிள் கேரியர்மேல் ஏறி நிற்பது ஒரு சுகம். அந்தச் சுகத்தை ஒரு லைனில் அழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இதைப் பார்ட்னரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செங்கல்லை உருவியிருப்பான்.

அவர் பரீட்சைக்கு முந்தின நாள் எங்கள் வைவா. இன்டகிரேஷனில் பார்ட்ஸ் முறையில் போடும் ஒருவகைக் கணக்கு அவருக்கு இன்னும் பிடிபடவில்லை; கடைசி நாள் பார்க்கலாம் என்று ஒதுக்கியிருந்தோம். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்த வைவா, வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் தாமதமானதால், எங்கள் முறை வரும்போது மூன்றே கால் ஆகிவிட்டது.

திரையில் மேப். மதில்கோடு அழகாக இருந்தது. மெக்கானிக்கல் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு புள்ளி உள்ளே வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

எக்ஸாமினர் பேனாவால் காட்டினார். “அது யாரு? உள்ள இருக்காரா, வெளிய இருக்காரா?”

மேடம் என்னைப் பார்த்தார். பார்ட்னரும் என்னைப் பார்த்தான். போர்டில் ‘தம்பி வரலியா’ என்று ஒரு வரி வந்து நின்றது.

“அது ஆளில்ல சார்” என்றேன். “ஜிபிஎஸ் எரர்.”

நல்ல பதில். எக்ஸாமினர் தலையாட்டினார். மேடம் சிரித்தார். தொண்ணூற்றிரண்டு மார்க் வந்தது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய அதிகபட்சம். வெளியே வந்ததும் பார்ட்னர் கை கொடுக்கவில்லை. “ஓடுடா, இன்னும் நின்னுகினு கீறாரு” என்றான்.

ஓடினேன். நின்றுகொண்டுதான் இருந்தார். நான் செங்கல்மேல் ஏறி, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்: ஆப் நான் செய்தது, வட்டத்தைச் சுருக்கியது நான், கிளாஸுக்கு வாங்க என்று எழுதியது நான், இப்போது உள்ளே அவரை எரர் என்று சொல்லிவிட்டு வந்ததும் நான்.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“மார்க் போட்டானா?”

“போட்டாங்கண்ணா.”

“ஒரு வாரமா கேரியர்ல நிக்கேன். கெண்டைக்கால் கடுத்துப்போச்சு. நீங்கதான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா திட்டிட்டுத் தரையில நின்னுருப்பேன்.” தொப்பியை எடுத்து உதறினார். “சரி, அந்தக் கணக்கைப் போடுங்க. நாலு மணிக்கு ரூம்ல தண்ணி வரும்.”

போட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாகப் போட்ட கணக்கு அதுதான். அன்று சாயங்காலமே பார்ட்னர் பழைய வட்டத்தைத் திரும்பப் போட்டான். கேலி வாசகத்தை நான் எடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் போர்டில் அவரிடமிருந்து செய்தி வந்தது. அந்தக் கணக்கு வந்ததாம்; ஓரிடத்தில் மைனஸை விட்டுவிட்டாராம். அந்த மைனஸ் என் தூக்கத்தைக் கொஞ்ச நாள் கெடுத்தது. நான் மூன்று முறை எழுதியபோதுகூட என்னை யாராலும் அப்படிக் கவலைப்பட வைக்க முடிந்ததில்லை.

அவர் ரிசல்ட் வந்த அன்று எங்கள் படிப்பு முடிந்திருந்தது. சர்வருக்கு இன்னும் உயிர் இருந்தது. குன்றத்தூரில் வீட்டுக்கு வந்துவிட்ட நான் வட்டத்துக்கு வெளியேதான் இருந்தேன். ஆனால் செய்தவனுக்குப் பின்கதவு உண்டு. அரியர் அரசன் எழுதியிருந்தார்: ‘பாஸ். நாப்பத்தொண்ணு.’

கீழே ஜூனியர் பையன் ஒருவன் கேட்டிருந்தான்: ‘சூப்பர் மச்சி. எந்த டிபார்ட்மென்ட்?’

‘ரோட்டுக்கு அந்தப் பக்கம்’ என்று பதில் போட்டிருந்தார்.

நான் போனை மூடாமல் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அதே பையன் கேட்டான்: ‘அங்க கேன்டீன்ல சாப்பாடு எப்டிணா?’

‘வியாழக்கிழமை சிக்கன்’ என்று வந்தது.