எந்தக் கை என்று கேட்டுத் தைத்த அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், அவரைப் பொறுமைசாலி என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐயோ, கூடப் பிறந்தவளைக் கேளுங்கள்! அவரைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் கண்டதில்லை. அந்தப் பிடிவாதத்தோடு மோதித் தோற்றவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா பண்பொழியில் பிறந்தார். எங்கள் வீட்டு இரண்டு பெண்களில் மூத்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பத்தாம் வகுப்போடு தையல் மிஷினில் உட்கார்ந்து, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். தென்காசிக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு, அத்தானும் அவரும் சேர்ந்து குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் நைட்டியும் துண்டும் விற்கும் கடை போட்டார்கள். மாற்றுத்துணி கொண்டுவராமல் ஆசையில் நனைந்துவிடும் பெண்கள்தான் வாடிக்கையாளர்கள். சாரல் நன்றாக இருந்தால் கடையில் நிற்க இடம் இருக்காது. வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அப்படி ஒரு சீசனில்தான் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் இடது கையைத் தூக்க முடியவில்லை. தலைவழியே எதையும் மாட்ட முடியாது. தையல் பிரித்த மறுவாரமே, தன் நைட்டி ஒன்றை இடது தோளிலிருந்து பக்கவாட்டில் வெட்டி, நாடா வைத்து, ஒரு கையாலேயே உடுத்தும்படி மாற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்த பெண்கள், "எங்களுக்கும் தச்சுத் தருவீங்களா?" என்று கேட்டார்கள். ஆன்லைன் கடை என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது.

அலுவலகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிப்பவள் என்பதால், அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த வழி இரண்டு. எல்லாரும் பொருள் விற்கும் பெரிய இணையதளத்தில் நாமும் ஒரு மூலையில் சேர்ந்துகொள்ளலாம். விற்பதற்கெல்லாம் கமிஷன் உண்டு, ஆனால் கூட்டம் அங்கேதான். இல்லையென்றால், மாத வாடகை கட்டி நம் பெயரிலேயே தனிக் கடை அமைக்கலாம். கூட்டத்தை நாமேதான் கூட்ட வேண்டும். நான் விலாவாரியாக விளக்கி முடித்ததும் அக்கா கேட்டது ஒரே கேள்வி.

"ஏட்டி, வாங்குதவ போன் நம்பர் நமக்கு வருமா?"

பெரிய தளத்தில் வராது. "அது எதுக்குக்கா? அளவப் போட்டுருவாங்க, நாம அனுப்ப வேண்டியதுதான்" என்று சொல்லி, அவர் சரி என்று சொல்வதற்கு முன்பே அங்கே கடையைத் திறந்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் ஆர்டர்கள் வந்தன. நான் தலைகால் புரியாமல் ஆடினேன். பிறகு ஒரு பார்சல் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: 'எனக்கு ஆபரேஷன் வலது பக்கம்.'

அக்கா தன் கையை மனதில் வைத்து, எல்லா நைட்டிக்கும் இடது பக்கமே திறப்பு வைத்துத் தைத்திருந்தார். படம் எடுத்துப் போட்ட எனக்கும் அது உறைக்கவில்லை. அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவ இப்ப எதை உடுத்துதாளோ! ஒரு வார்த்த கேட்டிருந்தா வலதுல வச்சுக் குடுத்திருப்பேன். கேக்க வழியில்லாமப் பண்ணிட்டியேட்டி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ யாவாரம் பண்ணுதியா, இல்ல ஒவ்வொருத்தி வீடா நோய் விசாரிக்கப் போறியா?" என்று கத்தினேன். உடம்புக்கு முடியாதவரிடம் பேசுகிற பேச்சா அது?

அக்கா கத்தவில்லை. "ரெண்டுந்தான். எந்தக் கைன்னு கேட்டா, அவ மிச்சத்தையும் சொல்லுவா. எங்கிட்ட யாராச்சும் அப்படிக் கேக்க மாட்டாங்களான்னுதான் நான் கெடந்தேன்" என்றார்.

கூடப் பிறந்த நான் கேட்டிருக்கவில்லை. அவர் கையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டேன், செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரிய தளத்துக் கடையை மூடிவிட்டு, இணையத்திலேயே வாடகைக்குத் தனிக் கடை எடுத்தோம். போன் நம்பர் தராமல் யாரும் ஆர்டர் போட முடியாதபடி வைக்கச் சொன்னார். பேசி முடித்த பிறகுதான் துணியில் கத்தரி படும். மூன்று வாரம் ஓர் ஆர்டரும் இல்லை. 'பாத்தியா?' என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அத்தான் கண்ணாலேயே அடக்கினார். பிறகு சிவகாசியிலிருந்து ஒன்று, தேனியிலிருந்து ஒன்று என்று வர ஆரம்பித்தன. ஒரு நைட்டிக்கு அரை மணி நேரப் பேச்சு. "எந்தக் கை தாயி? எனக்கு இடது" என்றுதான் தொடங்குவார். சில நாள் சிரிப்புச் சத்தம் தெருவுக்கே கேட்கும். வியாபாரம் பெரிதாகவில்லை, படுத்துவிடவும் இல்லை.

நோய் திரும்பி வந்தது. கடைசி மாதங்களில் மிஷினில் உட்கார முடியாமல், படுக்கையிலிருந்தே போனில் பேசினார். தைக்க என்னை உட்கார வைத்தார். நான் கோணலாகத் தைத்ததையெல்லாம் ஈவு இரக்கமில்லாமல் பிரிக்கச் சொன்னார். ஒரு காலைப் பொழுதில், நாங்கள் எல்லாரும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், கடையைத் தங்கள் கடைபோலக் கவனித்துக்கொண்ட குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைசிவரை அக்காவுக்குத் தலை வாரிவிட்ட அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், காத்திருந்த ஓர் ஆர்டருக்காக ராஜபாளையத்துப் பெண்மணி ஒருவரை அழைத்தேன். எடுத்தவுடன், "அக்காவா? நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க" என்றார். அதே நோயோடு இருப்பவரிடம் எதைச் சொல்வது? அக்கா ஊருக்குப் போயிருக்கிறார் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு, பாவி, அழுதும் விட்டேன். போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப எனக்கு யாரு தைக்கப் போறா?" என்றார்.

"நான்தாம்மா. எனக்கு அவ்வளவு சரியா வராது."

"பரவால்ல. எனக்கு வலது கை, எழுதிக்கோங்க. நிதானமாத் தைங்க. நான் எங்கயும் போயிற மாட்டேன்."