திரும்பாத முள்

லிஃப்ட் பழுது பார்ப்பதில் முள்ளுக்காரரை மிஞ்ச ஆளில்லை. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். முள் வைத்த எடை மிஷின் ஒன்று எப்போதும் அவர் கக்கத்தில் இருக்கும். லிஃப்டுக்குள் அதைப் போட்டு மேலே ஏறி நிற்பார். கீழே கிளம்பும்போது முள் கொஞ்சம் இறங்கி, வேகம் சீரானதும் பழைய எடைக்கே திரும்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக முள் அவரை ஏமாற்றியதில்லை. அந்தத் திமிர்தான் வினையாயிற்று.

அன்று பதினோரு மாடி அலுவலகக் கட்டடத்தில் புது பிரேக் மாட்டி, அதைச் சோதிக்க லிஃப்டுக்குள் இரும்புக் கட்டிகளை அடுக்கியிருந்தார். அந்தப் பாரத்தோடு ஆள் ஏறக் கூடாது என்பது தொழிலின் முதல் விதி. கல்லூரி விட்டு அப்பாவைப் பார்க்க வந்த மகள், இயற்பியல் படிக்கிறவள், மிஷின் மேல் ஏறி நின்றுவிட்டாள். ஐம்பத்திரண்டு கிலோ. செல்ல மகள் ஆசைப்பட்டால் விதியாவது ஒன்றாவது! பத்தாவது மாடியில் தானும் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார்.

"அப்பா, பூமியே இல்லாத இடத்துல இந்தப் பெட்டியை வேகம் கூட்டிக்கிட்டே மேல இழுத்தா என்ன காட்டும் தெரியுமா? சரியான அளவுல இழுத்தா இதே ஐம்பத்திரண்டுதான். ஜன்னல் இல்லாம உள்ள நிக்கிறவங்களால பூமி இழுக்குதா, பெட்டி தள்ளுதான்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதை வச்சுத்தான் ஈர்ப்பையே புரிஞ்சுக்கிட்டாங்க. தரை நம்மளைத் தள்ளுறதைத்தான் எடைன்னு சொல்றோம். தடையில்லாம விழுறவனுக்கு எடையே தெரியாது."

"அது சரி, முள்ளைப் பாரு," என்று பொத்தானை அழுத்தினார்.

நாற்பத்தெட்டு. மறுபடி ஐம்பத்திரண்டு. நல்ல பிள்ளையாகத் திரும்பிவிட்டது. அப்போது மேலே மோட்டார் சத்தம் நின்றது. பிரேக் பிடித்திருந்தால் வேகம் குறைந்து முள் ஏறியிருக்க வேண்டும். இறங்கியது. நாற்பத்துமூன்றில் போய் நின்றுகொண்டது.

"ஐ, பஞ்சு மாதிரி இருக்குப்பா!" என்று சிரித்தாள் மகள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முள் திரும்பவில்லை என்றால் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தம். மகளை இழுத்து மார்போடு அணைத்தார். வேகம் மீறினால் தானே பிடிக்கும் பாதுகாப்புக் கவ்வி, பெட்டிக்கு அடியில் இருந்தது, படாரென்று லிஃப்ட் ஓடும் தண்டவாளத்தைப் பிடித்தது. இருவரும் இரும்புக் கட்டிகள் மேல் போய் விழுந்தார்கள்.

"நின்னுடுச்சாப்பா?"

அவருக்கே தெரியவில்லை. நிற்கிற லிஃப்டிலும் சீராக ஓடுகிற லிஃப்டிலும் உடம்புக்கு ஒரே கனம்தானே! சொந்த உடம்பையே நம்பப் பயந்து, மூச்சைப் பிடித்துக் கிடந்தார்.

அரை மணி கழித்து ஏழாவது மாடியில் கதவை நெம்பி வெளியே எடுத்தார்கள். மகள் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டாள். "பயமெல்லாம் இல்லம்மா. மிதக்குற மாதிரி, ரொம்ப சுகமா இருந்துச்சு."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர் அவள் கையை இறுகப் பிடித்தார்.

"அப்படிச் சொல்லாத கண்ணு. உனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. சிரிச்சுக்கிட்டே போயிருப்பியே!"